உர மூட்டையின் எழுத்து விவசாயியிடம் பேசுகிறதா?

கல்லல் மானாவாரி
(முதல் பதிவு)

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். கல்லலுக்கு மேற்கே கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல்லும், மேட்டுச் செம்மண்ணில் ஒன்றரை ஏக்கர் கடலையும் பயிரிட்டு வருகிறேன். சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லி, அது எழுப்பிய கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டதால் அடியுரம் உடனடியாகத் தேவைப்பட்டது. நான் வெளியூரில் இருந்தேன். அம்மாவே கடைக்குப் போய் இரண்டு மூட்டை டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாற்பது ஆண்டுகளாக மூட்டையின் நிறத்தையும் படத்தையும் பார்த்தே உரம் வாங்கிப் பழகியவர். 2022 அக்டோபரிலிருந்து மானிய உரங்கள் யாவும் ‘பாரத்’ என்ற ஒரே பெயரில், ஒரே வகை அமைப்புள்ள மூட்டையில் வருகின்றன. மூட்டையின் ஒரு பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பெயருக்கும் உர மானியத் திட்டத்தின் சின்னத்துக்கும் போய்விட, மீதி ஒரு பங்கில்தான் நிறுவனத்தின் பெயரும் மற்ற விவரங்களும் இருக்கின்றன. அம்மாவுக்குத் தெரிந்த அடையாளங்கள் அத்துடன் போய்விட்டன.

“டிஏபி இருப்பு இல்லை, இதுவும் அதே வேலையைத்தான் செய்யும், விலையும் குறைவு” என்று கடையில் சொல்லி வேறு இரண்டு மூட்டைகளைக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா ஒரு மூட்டையைப் பிரித்து வயலில் இறைத்தும் விட்டார். இரவு நான் வந்து கைவிளக்கைப் பிடித்து மூட்டையைப் புரட்டிப் பார்த்தேன். அடித் தையலுக்கு இரண்டு விரல் மேலே, சாக்கின் மடிப்புக்குள் பாதி மறைந்த சிறிய ஆங்கில எழுத்துகளில், அது மணிச்சத்து (பாஸ்பரஸ்) செறிவூட்டிய இயற்கை உரம் என்றும், மணிச்சத்து 10.4 சதவீதம் என்றும் அச்சாகியிருந்தது. டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்தும் 18 சதவீதம் தழைச்சத்தும் (நைட்ரஜன்) உண்டு. ஐம்பது கிலோ மூட்டைக்குக் கணக்கிட்டால் 23 கிலோ மணிச்சத்தை எதிர்பார்த்த இடத்தில் 5.2 கிலோதான் கிடைத்திருக்கிறது.

அந்த மூட்டையில் இருந்த எழுத்தில் பொய் எதுவும் இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அது சொல்லியிருந்தது. ஆயினும் அம்மாவுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை; கடைக்காரரின் வாய்ச்சொல்தான் அவருக்கு எழுத்தாக இருந்தது. மூட்டையில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லும் விதிகள் யாரை எண்ணி எழுதப்பட்டவை, நம் பகுதி விவசாயிகளும் சிறு கடைக்காரர்களும் இவற்றால் அடையும் பயனும் படும் சிரமமும் என்ன என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


பள்ளத்தூர் உரக்கடை

தம்பி, உங்கள் அம்மாவுக்கு அந்த மூட்டையைக் கொடுத்தவர் செய்தது தவறு. நானும் அதே தொழிலில் இருக்கிறேன் என்பதற்காக அதை மூடி மறைக்க மாட்டேன். ஒன்றைக் கேட்டவருக்கு இன்னொன்றைக் கொடுப்பதென்றால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்லிவிட்டே கொடுக்க வேண்டும்.

எனினும் கடைக்காரர்களின் நிலையையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். எங்கள் கடை அப்பா காலத்தில் தொடங்கியது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நாங்கள் விற்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் சரக்குக்கும் அந்த நிறுவனத்திடமிருந்து ‘ஓ’ படிவம் என்னும் மூலச் சான்று பெற்று, உரிமத்தில் சேர்க்க வேண்டும். இருப்பையும் விலையையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது கொடுக்க வேண்டும். 2018 முதல் மானிய உரத்தை விற்பனைக் கருவியில் கைரேகை வைத்த பிறகே கொடுக்கிறோம். நாற்று நட்டுத் தேய்ந்துபோன விரல்களை அந்தக் கருவி ஏற்றுக்கொள்ளும் வரை வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும். கடைக்காரர்களுக்குக் கல்வித் தகுதி வேண்டும் என்று 2015இல் விதி வந்ததால், என் மகன் பதினைந்து நாள் சான்றிதழ்ப் பயிற்சிக்குப் போய் வந்தான். இவை எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பயிற்சிக்குப் பிறகு அவன் விவசாயிகளிடம் பேசும் முறையே மாறியிருக்கிறது.

என் மனத்தை வருத்தியது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கலப்பு உரத்தை எடுத்து விற்றேன். ஆய்வாளர் வந்து, தையல் பிரிக்காத மூட்டையிலிருந்து மாதிரி எடுத்தார். முறைப்படி அதை மூன்று பங்காக்கி முத்திரையிட்டு, ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஒன்றை என்னிடம் தந்தார். ஒன்றை மேலதிகாரியின் பாதுகாப்பில் வைத்தார். சாம்பல்சத்து (பொட்டாஷ்) குறைவு என்று முடிவு வந்தது. மூட்டையின் மேல் அச்சிட்டவரும் நானில்லை, உள்ளே நிரப்பியவரும் நானில்லை. ஆனால் மீதியிருந்த மூட்டைகளை விற்கக்கூடாது என்ற உத்தரவும் விளக்கம் கேட்கும் கடிதமும் முதலில் வந்தது எனக்குத்தான். அந்தப் பருவம் முழுவதும் என் பணம் அந்தச் சரக்கில் முடங்கிக் கிடந்தது. அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் தண்டனை மூன்று மாதத்திலிருந்து ஏழு ஆண்டு வரை போகலாம் என்று வழக்கறிஞர் சொன்ன நாளில் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. தைத்து வரும் மூட்டைக்குள் சாம்பல்சத்து எவ்வளவு இருக்கிறது என்பதைப் பள்ளத்தூரில் ஒரு கடைக்காரன் எந்தக் கருவியைக் கொண்டு கண்டுபிடிப்பான்?


பணி ஓய்வு, தேவகோட்டை

வேளாண்மைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மாதிரி எடுக்கும் பணியையும் செய்திருக்கிறேன். எனவே இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும்.

நம் நாட்டில் முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணை 1957இல் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது, 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட 1985ஆம் ஆண்டு ஆணை. மூட்டையின் மேல் ‘உரம்’ என்ற சொல் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றும், அறிவிக்கப்பட்ட விவரங்கள் மட்டுமே அச்சிடப்பட வேண்டும் என்றும் அதன் 21ஆம் பிரிவு கூறுகிறது. ‘மட்டுமே’ என்ற சொல்லை நீங்கள் கவனிக்க வேண்டும். விளைச்சலை இரட்டிப்பாக்கும், வேரைக் காக்கும் என்று நிறுவனங்கள் மூட்டையின் மேல் விளம்பரம் எழுதி விவசாயியை மயக்கிய காலத்தைக் கண்டவர்களுக்கு அந்தச் சொல்லின் அருமை தெரியும்.

ஆனால் கல்லல் தம்பி கேட்டது மொழியைப் பற்றியது. அங்கேதான் விதி விவசாயியைக் கைவிடுகிறது. பொதியப்பட்ட பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகள், ஐம்பது கிலோ வரையுள்ள உர மூட்டைகளுக்கும் பொருந்தும். அந்த விதிகளின்படி விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். வேறு மொழியையும் சேர்த்து அச்சிடலாம்; அதற்குத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. பூச்சிமருந்துப் புட்டியை எடுத்துப் பாருங்கள். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் வட்டார மொழியிலும் விவரம் இருக்க வேண்டும் என்கின்றன. நச்சின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணக் குறியீடும் உண்டு. எழுத்தறியாதவரும் சிவப்பு முக்கோணத்தைக் கண்டால் எச்சரிக்கை கொள்கிறார். உயிருக்கு ஆபத்து என்பதால் அங்கே அந்த அக்கறை வந்தது. உரத்தில் போவது உயிரில்லை, ஒரு பருவத்துப் பணம்தான் என்று விட்டுவிட்டார்கள் போலும். மானாவாரியை நம்பிய குடும்பத்துக்கு ஒரு பருவம் என்பது சிறிய இழப்பில்லை என்பதை நான் இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கல்லல் தம்பிக்கு இன்னொரு செய்தி. உங்கள் வீட்டில் வெற்றிலைப் பெட்டி இருக்குமானால் ஒரு சோதனை செய்யலாம். உரக் குருணையில் ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சிறிது சேர்த்து, புகையிலை கசக்குவதைப் போல் கசக்கிப் பாருங்கள். டிஏபியாக இருந்தால் மூக்கை அரிக்கும் அம்மோனியா வாடை எழும்பும். முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோகாமல், பிறகு கையைக் கழுவிவிட வேண்டும். வாடை வரவில்லை என்றால் அது டிஏபி இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். வாடை வந்துவிட்டது என்பதற்காக மட்டும் டிஏபி என்று முடிவு செய்யக்கூடாது. 20-20-0-13 போன்ற, பல சத்துகள் சேர்ந்த காம்ப்ளக்ஸ் உரங்களிலும் அம்மோனியம் இருப்பதால் அவற்றிலும் வாடை வரும்.

பள்ளத்தூர் நண்பருக்கு: தைத்த மூட்டையில் குறை கண்டால் தயாரித்தவரையே முதல் பொறுப்பாளியாகக் கொள்ள வேண்டும் என்பதுதான் என் கருத்து, பணியில் இருந்தபோதும் அவ்வாறே குறிப்பு எழுதியிருக்கிறேன். ஆணையின்படி ஒவ்வொரு தயாரிப்பு நிறுவனமும் விதிகளைப் பின்பற்றுவதற்குப் பொறுப்பான அலுவலரை நியமிக்க வேண்டும். ஆனால் ஆய்வாளர் நிற்பது கடையில். கைக்கு எட்டுபவர் கடைக்காரர். சரக்கு இறங்கும்போதே தொகுதி எண்ணைச் (பேட்ச் நம்பர்) சரக்குப் பட்டியலுடன் ஒப்பிட்டு வாங்கினால், பின்னால் உங்களுக்கு அதைவிடப் பெரிய கேடயம் இல்லை.


கானாடுகாத்தான் மண்புழு மகளிர்

எங்கள் மகளிர் குழு ஆறு சிமெண்டுத் தொட்டிகளில் மண்புழு உரம் தயாரிக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 12 டன் வருகிறது. பெரும்பகுதியை அக்கம்பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்கள் சாக்கில் அள்ளிப் போகிறார்கள். காரைக்குடியில் மாடித்தோட்டம் வைப்பவர்கள் பெருகியிருப்பதால், ஒரு கிலோ, ஐந்து கிலோப் பைகளில் கட்டி நகரத்துக் கடைகளில் வைக்க விரும்பினோம். நாங்கள் போன கடைகளில் எல்லாம் ஒரே பதில்: “உரிமம் இல்லாத பையை வைத்தால் எங்கள் உரிமம் போய்விடும், ஆச்சி.” ஓர் அச்சகத்தில் பை அச்சிடக் கேட்டால், பத்தாயிரம் பைக்குக் குறைந்து அச்சிட மாட்டோம் என்கிறார்கள். எங்களுக்கு அது எட்டு ஆண்டுக்கான பை.

ஆய்வகச் சோதனைக்கும் ஒரு முறை அனுப்பினோம். சத்துகள் சரியாக இருந்தன; ஈரப்பதம்தான் சற்றுக் கூடியிருந்தது, கார்த்திகை மாதத்து உரம் அல்லவா. ஈரம் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றார்கள். அடுத்த முறை நிழலில் நன்றாக உலர்த்திக் கட்டினோம். இதில் யாரும் எங்களுக்குச் சொல்லித் தராத சிக்கல் ஒன்று இருக்கிறது. நுண்ணுயிர்கள் மூச்சுவிட வேண்டும் என்பதற்காகப் பையில் ஊசித்துளை போடுகிறோம். அந்தத் துளை வழியே ஈரமும் வெளியேறுகிறது. சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ் இரண்டு மாதம் இருந்த ஐந்து கிலோப் பையை எடுத்துத் தராசில் வைத்தோம். நாலே முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே நின்றது. நாங்கள் ஒரு பிடியும் குறைத்துக் கட்டவில்லை, ஆனாலும் பையின் மேல் எழுதிய எடை பொய்யாகிவிட்டது. உரத்துக்கான விதியின்படி ஈரத்தைக் குறைக்க வேண்டும், எடைக்கான விதியின்படி ஈரம் குறையாமல் இருக்க வேண்டும்! இப்போது உலர்த்திய பிறகு 200 கிராம் கூடுதலாகவே போட்டுக் கட்டுகிறோம். அந்த 200 கிராம் எங்கள் உழைப்பிலிருந்து போகிறது. பெரிய நிறுவனத்துக்கு இது கணக்கில் ஒரு வரி. எங்களுக்கு ஒரு பெண்ணின் ஒரு நாள் கூலி.


சாக்கோட்டை தென்னை

ஆச்சியின் சிரமம் புரிகிறது. ஆனால் சிறியவர்கள் என்பதற்காக விதியைத் தளர்த்துங்கள் என்று எல்லோரும் கேட்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

தென்னைக்குக் குரும்பை உதிர்வதைத் தடுக்கும் என்று சொல்லி, ஒரு டானிக்கை லிட்டருக்குப் பெரும் விலை கொடுத்து மூன்று ஆண்டுகள் வாங்கி வேரில் கட்டினேன். பளபளப்பான தாளில் கடற்பாசி, அமினோ அமிலம், ஹியூமிக் அமிலம் என்று பெயர்கள் வரிசையாக இருந்தன; எது எத்தனை சதவீதம் என்று எங்கும் இல்லை. தயாரித்தவர் முகவரிக்குக் கடிதம் போட்டேன், திரும்பி வந்துவிட்டது. மண்டபம் கடற்கரையில் உண்மையாகவே பாசி வளர்த்து அதன் சாற்றை முறையாகப் பிழிந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சாயத் தண்ணீரை அடைத்து விற்பவரும் அதே பெயரை ஒட்டிக்கொள்கிறார். கட்டுப்பாடு இல்லாத சந்தையில் முதலில் அடிபடுபவர் அந்த உண்மையான சிறு தயாரிப்பாளர்தான்.

உயிர் ஊக்கிகள் எனப்படும் இந்த வகைப் பொருள்கள் 2021 பிப்ரவரியில்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. தற்காலிகப் பதிவுக்கான காலம் நீண்டுகொண்டே போய் 2025 ஜூன் 16ஆம் தேதியுடன் முடிந்தது. அடுத்த மாதமே ஒன்றிய வேளாண் அமைச்சர், ஏறக்குறைய 30,000 பொருள்கள் கட்டுப்பாடின்றி விற்கப்பட்டு வந்தன என்றும், பிறகு அது 8,000 அளவுக்கு வந்து, கண்டிப்பு காட்டியதும் 650 அளவுக்குக் குறைந்துவிட்டது என்றும் தெரிவித்தார். முப்பதாயிரத்தில் எத்தனையை என் மரங்கள் குடித்தனவோ! எழுத்து கடுமையாக இருக்கட்டும். இன்னும் கடுமையாகட்டும் என்பதே என் நிலை.


பள்ளத்தூர் உரக்கடை

சாக்கோட்டை அண்ணன் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். டானிக் விற்று வந்த இலாபம் உரத்தில் வரும் இலாபத்தைவிட அதிகம் என்பதால் பல கடைகள் அதைத் தள்ளிவிட்டன என்பதும் உண்மை. ஆனால் அந்தக் காலக்கெடு முடிந்தபோது அலமாரியில் இருந்த புட்டிகளை விற்கலாமா கூடாதா என்பதே எங்களில் பலருக்குத் தெரியவில்லை. நிறுவனத்துப் பிரதிநிதிகள் கைப்பேசியை எடுக்கவில்லை. என்னிடம் இருந்தவற்றை அட்டைப் பெட்டியில் கட்டி, ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதிப் பரணில் ஏற்றினேன்; இன்றுவரை அவை அங்கேதான் இருக்கின்றன. விதி கடுமையாக இருப்பதை நான் எதிர்க்கவில்லை. அது நிறுவனத்தின் வாசலில் தொடங்காமல் எங்கள் அலமாரியில் தொடங்குவதைத்தான் எதிர்க்கிறேன்.


பணி ஓய்வு, தேவகோட்டை

கானாடுகாத்தான் ஆச்சிக்கு நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. கடைக்காரர்களும் இதைக் கவனத்துடன் படிக்க வேண்டும். இயற்கை உரங்களும் உயிர் உரங்களும் 2006 மார்ச்சில் இந்த ஆணைக்குள் சேர்க்கப்பட்டன. அந்தப் பிரிவுகளிலேயே, ஆண்டுக்கு 50 டன்னுக்குக் குறைவான உற்பத்தித் திறனுள்ள மண்புழு உரத் தயாரிப்பாளர் அங்கீகாரக் கடிதம் பெறத் தேவையில்லை என்று விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் 12 டன் அதற்குள் அடங்கும். கடைகளில் உங்களைத் திருப்பி அனுப்பியது சட்டமில்லை, சட்டத்தைப் பற்றிய அச்சம். ஆனால் இந்த விலக்கு மண்புழு உரத்துக்கு மட்டும்தான். நாளை அதே பையில் வேப்பம் புண்ணாக்கைக் கலந்தோ, உயிர் உரம் சேர்த்துச் செறிவூட்டியோ வேறு பெயரில் விற்கப் புறப்பட்டால் இந்த விலக்கை நம்பிவிடாதீர்கள். அங்கீகாரத்திலிருந்து விலக்கு என்பதற்காகத் தரத்திலிருந்தும் விலக்கு என்று கொள்ளக்கூடாது. கன உலோகங்கள், ஈரம், அங்ககக் கரிமம் ஆகியவற்றுக்கான வரம்புகள் அப்படியே இருக்கின்றன.

அச்சிடுவதற்கும் வழி இருக்கிறது. மொத்த எடை 5 கிலோவும் அதற்குக் குறைவும் உள்ள பொதிகளுக்கு, விவரங்களைப் பையிலேயே அச்சிட வேண்டும் என்பதில்லை. தனித்தாளில் அச்சிட்டு உறுதியாக ஒட்டினால் போதும் என்று ஆணையே சொல்கிறது. ஐந்து கிலோ உரம் போட்டால் பையோடு சேர்த்து மொத்த எடை வரம்பைத் தாண்டிவிடும் என்பதால், நாலரை கிலோவாகக் கட்டுங்கள். சிவகாசியில் ஆயிரம் தாள் மட்டும் அச்சிட்டு வாங்கலாம். தேதியையும் தொகுதி எண்ணையும் முத்திரைக் கட்டையால் பதித்துக்கொள்ளலாம். அந்தத் தாளில் தமிழைப் பெரிதாகப் போடுங்கள், ஆச்சி. கூடவே ஆங்கிலமும் இருக்கட்டும்.

எடை குறைவதற்கு, கட்டும்போது ஈரம் எத்தனை சதவீதம் என்று குறித்து வைத்துக்கொள்வதும், கடையில் ஒரு மாதத்துக்கு மேல் பை நிற்காதபடி குறைவாகக் கொண்டுபோய் வைப்பதும்தான் நடைமுறையில் பயன்படும். குன்றக்குடியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், அருகில்தானே இருக்கிறது.


மாடித்தோட்டம், காரைக்குடி

நான் விவசாயி இல்லை. மாடியில் இருபது தொட்டிகள் வைத்திருக்கிறேன். உரக்கடையில் எனக்குக் காம்ப்ளக்ஸ் உரம் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பழைய செய்தித்தாளில் மடித்துத்தான் தருகிறார்கள். அதில் ஓர் எழுத்தும் இருப்பதில்லை. அது விதிப்படி சரிதானா?


பள்ளத்தூர் உரக்கடை

சரிதான். ஒவ்வொரு வகை உரத்திலும் ஒரு மூட்டையைப் பிரித்து வைத்துச் சில்லறையாக விற்கச் சில்லறைக் கடைக்காரருக்கு ஆணை இடம் தருகிறது. மாடித்தோட்டக்காரர்கள் மட்டும் அப்படி வாங்குவதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவர்களும், குத்தகைக்குக் கத்தரி போடுபவர்களும் என் கடையில் ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்றே வாங்குகிறார்கள். முழு மூட்டை வாங்கும் வசதியுள்ளவருக்குத்தான் மூட்டையின் எழுத்து கிடைக்கிறது. அதனால் நான் இப்போது, பிரித்த மூட்டையின் எழுத்துப் பக்கத்தை வெட்டியெடுத்து, மரப்பலகையில் ஆணியடித்து, அந்தந்த உரத்தின் மேல் மாட்டிவிட்டேன். ரசீதிலும் உரத்தின் முழுப் பெயரையும் தொகுதி எண்ணையும் கையால் எழுதித் தருகிறேன். இதற்கு அரை நிமிடம்தான் ஆகிறது.


பணி ஓய்வு, தேவகோட்டை

அந்தப் பலகையை எல்லாக் கடைகளிலும் மாட்டினால் நன்றாக இருக்கும். எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் படித்தவர்களே இதில் தடுமாறுகிறார்கள். முதல் எண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து என்பது பலருக்குத் தெரியும். 20-20-0-13 என்னும்போது நான்காவது எண் கந்தகம் என்பதைக் கவனிப்பவர் குறைவு. நம் பகுதியில் எந்த நிறுவனம் செய்திருந்தாலும் அதைப் பாக்டம்பாஸ் என்றே கேட்டு வாங்குகிறார்கள். எதற்காக வாங்குகிறோம் என்று கேட்டால், “கடலைக்கு நல்லது” என்பார்கள். கடலையின் எண்ணெய்ச் சத்துக்குக் கந்தகம் வேண்டும், அந்த நன்மை நான்காவது எண்ணில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டவர், அந்த உரம் கிடைக்காத பருவத்தில் சூப்பர் பாஸ்பேட்டைக் கொண்டு ஈடு செய்வார். அதிலும் கந்தகம் உண்டு. தெரியாதவர் கடைக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போவார். கடலைக்கு மண் அணைக்கும்போது, 40 முதல் 45 நாளுக்குள், ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுவது தனி. அதை எந்த மூட்டை எழுத்தும் நினைவூட்டாது.

யூரியாவின் எடையும் மாறிவிட்டது. 2018 முதல் மூட்டை 45 கிலோ; கந்தகம் பூசிய யூரியா 40 கிலோ. இரண்டுக்கும் விலை 266 ரூபாய் 50 காசுதான். “ஏக்கருக்கு ஒரு மூட்டை” என்று ஐம்பது கிலோ நாளில் பழகிய கணக்கை இன்றும் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். எடையும் சத்தும் மாறும்போது அது மூட்டையின் முகத்தில் கண்ணில் அறைகிற மாதிரித் தெரிய வேண்டும்.


சாக்கோட்டை தென்னை

ஐயா எழுதியதைப் படித்த பிறகு ஆச்சியின் குழு விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். அவர்கள் கேட்டது தளர்வு இல்லை, ஏற்கனவே இருக்கும் விலக்கைக் கடைக்காரர்கள் அறிய வேண்டும் என்பதுதான். காரைக்குடிக்கு நான் வரும் நாளில் இருபது பைகள் எடுத்துக்கொள்கிறேன், ஆச்சி. ஆனால் பையில் சதவீதம் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்க மாட்டேன்.


கானாடுகாத்தான் மண்புழு மகளிர்

கண்டிப்பாக எழுதியிருக்கும், அண்ணே. இன்று காலை குழுவில் ஐயாவின் பதிவை வாசித்துக் காட்டினேன். பத்தாயிரம் பைக்காகச் சேர்த்து வைத்த பணத்தில் ஈரமானி ஒன்று வாங்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. தாளில் எங்கள் ஊர்ப் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும் என்று இளம்பெண்கள் கேட்டார்கள். சத்து விகிதம் அதைவிடப் பெரிதாக இருக்கட்டும் என்று மூத்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.


கல்லல் மானாவாரி

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. ஐயா சொன்னபடி சோதனை செய்தோம். அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, மீதமிருந்த மூட்டையின் ஓரத்தில் சிந்திய குருணையுடன் கசக்கினோம். மண்வாடையைத் தவிர வேறொன்றும் வரவில்லை. பக்கத்து வயல்காரரிடமிருந்து டிஏபி ஒரு பிடி வாங்கி அதையும் கசக்கினோம். அம்மா உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இது மாட்டுக்கொட்டகையில் மூத்திரக் குழியைக் கிளறினாற்போல் அல்லவா வருகிறது” என்றார். இனிமேல் கடைக்குப் போகும்போது சுண்ணாம்பு டப்பாவைக் கையோடு கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார். பிரிக்காத மூட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற்றுக்கொண்டேன். வயலில் இறைத்தது போனதுதான். நிலத்துக்குக் கெடுதல் செய்யாது என்பது ஓர் ஆறுதல்.

இன்னொன்றும் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. அம்மாவுக்கு எழுத்துதான் தெரியாது; எண் தெரியும். பேருந்து எண்ணும் நாள்காட்டித் தேதியும் பார்த்துப் பழகியவர். டிஏபி என்றால் 18, 46 என்ற இரண்டு எண்கள் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். “அதைக் கீழே தையலுக்குள் ஒளித்து வைக்காமல் நெற்றியில் போட்டிருந்தால் நானே பார்த்திருப்பேனே” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எனவே சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் அடுத்து நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்க எண்ணியிருக்கிறேன். சத்து எண்கள் மூட்டையின் முன்பக்கத்தில், ‘பாரத்’ என்ற பெயருக்கு நிகரான உயரத்தில் இருக்க வேண்டும். பூச்சிமருந்துக்கு உள்ளதைப் போல உரத்துக்கும் தமிழ் விவரம் கட்டாயமாக வேண்டும். சில்லறை விற்பனைக்கு ரசீதில் தொகுதி எண் வேண்டும். மண்புழு உரத்துக்கான 50 டன் விலக்கைக் கடைகளுக்குச் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். தைத்த மூட்டையில் குறை கண்டால் முதல் கடிதம் தயாரித்தவருக்குப் போக வேண்டும். முதல் இரண்டும் மாவட்டத்தின் கையில் இல்லை, ஒன்றிய அரசுக்குப் பரிந்துரையாகத்தான் போகும் என்பது எனக்குத் தெரியும். மற்றவற்றையாவது இங்கேயே தொடங்கலாம்.

மனுவுடன் இணைக்க வெற்று மூட்டைகளின் எழுத்துப் பக்கங்கள் வேண்டும். பள்ளத்தூர் அண்ணன் அந்தப் பலகையைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஆச்சி, அச்சான தாள் வந்ததும் ஒன்று கொடுங்கள். ஐயா மனுவை ஒரு முறை படித்துத் திருத்தித் தர வேண்டும். கூட்டத்துக்கு அம்மாவையும் அழைத்துப் போகிறேன். மூட்டையை அவர் கையில் கொடுத்து, அது என்ன உரம் என்று அதிகாரிகளின் முன்னிலையில் அவரையே சொல்லச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.


பள்ளத்தூர் உரக்கடை

படம் நாளை வரும், தம்பி. கூட்டத்துக்கு நானும் வருகிறேன். தை பிறந்தால் கடையில் கூட்டம் கூடிவிடும், அதற்கு முன் உள்ள நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.